நிறுவனத்தோடு கூட்டு: கரையைச் சுத்தம் செய்ய மட்டும் அழைக்கிறார்கள், நாம் என்ன கேட்பது?

அலையாத்தி (கேள்வி)

வணக்கம். ஆற்று முகத்துவாரம் ஒன்றில் அலையாத்திக் காட்டையும் அங்கே வரும் பறவைகளையும் கவனித்துவரும் சிறிய குழு எங்களுடையது. பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், துணி சோப்புத் திரவம் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று எங்களைக் கூட்டுக்கு அழைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை கரையைச் சுத்தம் செய்ய வேண்டும், செலவு முழுவதும் அவர்களுடையது. பதிலுக்கு எங்கள் சின்னம் அவர்கள் பாட்டிலில் அச்சாகும், கூடவே, விற்ற அளவு பிளாஸ்டிக்கைப் பொறுக்கி ஈடுகட்டிவிட்டோம் என்று பொருள்படும் "பிளாஸ்டிக் சமன்" என்றொரு வாசகமும் இருக்கும்.

குப்பை பொறுக்குவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஆலையிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக்கே குறைய வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம். பறவை, சேறு, மரம் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவோம். பாட்டில் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே கேட்கிறேன்:

அவர்கள் வெளியிடும் பிளாஸ்டிக்கின் அளவை அவர்கள் வாய்ச்சொல்லை நம்பாமல் எப்படிக் கணக்கிடுவது? முதலில் எந்த மாற்றத்தைக் கேட்பது? ஒப்பந்தத்தில் எதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்? பணம் வாங்கலாமா?

---

பொதிகட்டு

முதலில் கணக்கை முடியுங்கள். அது இல்லாமல் கரைக்குப் போனால் ஆண்டு முடிவில் மூட்டை எண்ணிக்கையும் படங்களும் மிஞ்சும். ஆலையிலிருந்து எத்தனை டன் போனது என்பது இரு தரப்புக்கும் தெரியாமலே இருக்கும்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எந்தப் பாகம், என்ன ரெசின் (பிளாஸ்டிக் வகை), எத்தனை கிராம் என்ற பட்டியல் அவர்களுடைய கொள்முதல் பிரிவில் கட்டாயம் இருக்கும். அது இல்லாமல் பாட்டிலுக்கு ஆர்டர் போடவே முடியாது. ஏழு பத்திகள் கொண்ட ஒரு அட்டவணையாகக் கேளுங்கள்: பொருளும் அளவும், பாகம், ரெசின், எடை, நிறம், மறுசுழற்சிப் பொருளின் விகிதம், கடந்த 12 மாதங்களில் விற்ற எண்ணிக்கை. பாகம் என்றால் பாட்டில் மட்டும் என்று விட்டுவிடுவார்கள். மூடி, பம்ப், லேபிள், ஷ்ரிங்க் உறை, பெட்டிக்குள் வைக்கும் படலம், பெட்டிகளை அடுக்கும் பேலட் பலகையைச் சுற்றும் ஸ்ட்ரெச் ஃபிலிம் எல்லாம் வர வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 500 மி.லி. பாட்டில் 32 கிராம், மூடி 4, லேபிள் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 37.5 கிராம். ஆண்டுக்கு 20 லட்சம் விற்றால் 75 டன். இப்படி ஒவ்வொரு அளவுக்கும் போட்டுக் கூட்டினால் அதுதான் அடிப்படை ஆண்டின் எண்.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு அளவிலும் 20 பாட்டில்களை வெவ்வேறு கடைகளில் வாங்கி, காலி செய்து, அலசி, முழுக்க உலர்த்தி, 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் பாகம் பாகமாக நிறுங்கள். சராசரி, பட்டியலில் உள்ளதைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் பட்டியல் பழையது என்று பொருள். அச்சு மாறியிருக்கும், காகிதம் மாறியிருக்காது. இரண்டாவது வழி, கொள்முதல் செய்த ரெசின் அல்லது பாட்டில் எடையையும் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இடைவெளி ஆலைக் கழிவு. கசிந்த பாட்டில், கோணலாக ஒட்டிய லேபிள், தொகுதி மாற்றும்போது வீணாவது எல்லாம் அங்கேதான் இருக்கும். கழிவைக் குறைப்பதில் நிறுவனத்துக்கே பணம் மிச்சம் என்பதால் முதல் பேச்சுவார்த்தைக்கு அது நல்ல இடம்.

மொத்த டன்னோடு இன்னொரு எண்ணும் வேண்டும்: விற்கும் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் பிளாஸ்டிக். மேலே சொன்ன பாட்டிலுக்கு லிட்டருக்கு 75 கிராம். ஒரு லிட்டர் பவுச் 14 கிராம் என்றால் லிட்டருக்கு 14தான். 6 மி.லி. சாஷே 1.2 கிராம் என்றால் லிட்டருக்கு 200 கிராம்! சாஷே கையில் எடையே இல்லாததுபோல் இருக்கும். கணக்கில் அதுதான் பட்டியலின் தலையில் வந்து நிற்கும். சேற்றில் புதைந்தால் பொறுக்கவே முடியாததும் அதுதான்.

பவுச் 14 கிராம்தானே என்று உடனே அதன் பக்கம் சாயாதீர்கள். பெட், பாலிஎத்திலீன் என்ற இரு வகைப் பிளாஸ்டிக்கையும் ஒட்டிய படலமாக இருந்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. முழுக்கப் பாலிஎத்திலீனால் ஆன பவுச் என்றால் பரவாயில்லை, ஆனால் அதை யாராவது உண்மையில் வாங்குகிறார்களா என்று உங்கள் பகுதிப் பழைய பொருள் வியாபாரியிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். "மறுசுழற்சி செய்யத்தக்கது" என்று ஆய்வகத்தில் சொல்வதும் எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குவதும் வேறு வேறு.

---

பொதிகட்டு

தொடர்ச்சி: எந்த மாற்றத்தை முதலில் கேட்பது என்றீர்கள்.

முதல் கோரிக்கை தண்ணீரை விற்பதை நிறுத்தச் சொல்வது. தரை துடைக்கும் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். நான்கு மடங்கு அடர்த்தியாகச் செய்தால் 55 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் பாட்டில் செய்யும் வேலையை 20 கிராம் எடையுள்ள 250 மி.லி. பாட்டில் செய்துவிடும். ஏறக்குறைய 64 விழுக்காடு குறைவு, லாரிச் செலவும் இறங்கும். இதில் சறுக்கும் இடம் மூடி. பழைய பழக்கத்தில் பழைய அளவே ஊற்றுவார்கள். பாட்டில் நான்கு மடங்கு வேகமாகத் தீரும், "இது கட்டுப்படியாகாது" என்று வாங்குவதை நிறுத்துவார்கள். சிறிய வாயும் அளவுக்கோடு போட்ட மூடியும் சேர்ந்து வராவிட்டால் அடர்திரவம் சந்தையில் நிற்காது. இன்னொன்று, சோப்புத் திரவங்களை அடர்த்தியாக்கும்போது சில கலவைகள் ஒரு கட்டத்தில் கூழாக உறையும். அது அவர்கள் வேதியியலாளர் தீர்க்க வேண்டிய சிக்கல், உங்களுடையது அல்ல.

இரண்டாவது, மறுசுழற்சி ஆலையைக் கெடுக்கும் பாகங்களை எடுக்கச் சொல்வது. இது எடையைக் குறைக்காது, ஆனால் பாட்டில் திரும்பப் பயனாவதைத் தீர்மானிப்பது இதுதான். அலசும் தொட்டியில் மிதப்பது ஒரு பக்கம், மூழ்குவது ஒரு பக்கம் என்றுதான் பிரிப்பார்கள். தண்ணீரின் அடர்த்தி 1. எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) சுமார் 0.95, பிபி (பாலிபுரொப்பிலீன்) 0.90, இரண்டும் மிதக்கும். பெட் 1.38, மூழ்கும். ஆகவே பெட் பாட்டிலில் பிபி மூடி இருப்பது தொல்லையில்லை, தானாகப் பிரியும். எச்டிபிஇ பாட்டிலில் பிபி மூடி என்றால் இரண்டும் சேர்ந்தே மிதந்து, பிபி கலந்த எச்டிபிஇ கிடைக்கும். பெட் பாட்டிலுக்குப் பிவிசி உறை போட்டால் பெரும் கேடு: இரண்டும் மூழ்கும், உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமிலவாயு விட்டு பெட் முழுவதையும் மஞ்சளாக்கும். எச்டிபிஇயில் விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பதும் உண்டு. அளவு கூடினால் அடர்த்தி 1ஐத் தாண்டி, மிதக்க வேண்டியது மூழ்கிக் குப்பைக்குப் போகும். பம்புக்குள் உள்ள எஃகுச் சுருள் அரவை இயந்திரத்தின் கத்தியைக் கெடுக்கும். முழுக்கப் பிளாஸ்டிக்காலான பம்ப் சந்தையில் இருக்கிறது. கரிப்பொடி போட்ட கறுப்புப் பாட்டிலை அகச்சிவப்பு ஒளியால் தரம் பிரிக்கும் கருவி பார்க்கவே பார்க்காது.

மூன்றாவதாகத்தான் மறுசுழற்சிப் பொருளின் விகிதம். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். சோப்புத் திரவத்துக்கு இதில் தனியாக ஒரு கண்டம் உண்டு. சலவைப் பொருள்கள் எச்டிபிஇயில் விரிசல் விழவைக்கும். புதுப் பொருளில் இதைத் தாங்கும் தரத்தைத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள். பழைய பாட்டில்களை அரைத்து வரும் கலவையில் அந்தத் தாங்கும் திறன் குறையும். பாட்டில் ஆலையில் நன்றாக இருக்கும், கிடங்கில் அடுக்கி வைத்த சில வாரங்களில் அடிமூலையில் மெல்லிய கோடு விழுந்து ஒழுகும். ஒருமுறை அப்படி ஒழுகினால் "மறுசுழற்சி சரிவராது" என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடும். ஆகவே "உடனே 50 விழுக்காடு" என்று கேட்காதீர்கள். மூன்று அடுக்குப் பாட்டிலில் நடு அடுக்கை மட்டும் மறுசுழற்சிப் பொருளாக்கி, திரவம் தொடும் உள் அடுக்கைப் புதுப் பொருளாக வைப்பது பாதுகாப்பான தொடக்கம். அவர்களுடைய ஊது வார்ப்புப் பொறியில் ஒரே அடுக்குதான் வரும் என்றால் 25 விழுக்காட்டில் தொடங்கி, அவர்கள் திரவத்தையே நிரப்பி 60 டிகிரியில் வைத்துச் சோதிக்க வேண்டும். இதற்கான முறை ஏஎஸ்டிஎம் டி2561 என்ற சோதனைத் தரநிலை. மேலிருந்து அழுத்தும் சோதனையும், நிரப்பிக் கீழே போடும் சோதனையும் தனி.

ஸ்ட்ரெச் ஃபிலிமை மறந்துவிடாதீர்கள். கையால் சுற்றுவதை விட்டு, படலத்தை முன்கூட்டியே 250 விழுக்காடு வரை இழுத்துச் சுற்றும் பொறிக்கு மாறினால் அதே பேலட்டுக்குப் படலம் பாதிக்கும் கீழே இறங்கும். வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாத இடம் என்பதால் யாரும் அக்கறை காட்டுவதில்லை.

---

முறிச்சீட்டு

பணம், ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வகைக் கூட்டுக்குப் பழைய முன்மாதிரி 1990இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸும் என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் போட்ட ஒப்பந்தம். அமைப்பு நிறுவனத்திடம் ஒரு காசு வாங்கவில்லை. அதன் ஆட்கள் உணவகத்துக்குள் போய் வேலை செய்து எங்கே எது வீணாகிறது என்று பார்த்தார்கள். கருத்து ஒத்துப்போகாத இடத்தில் இரு தரப்பும் தனித்தனி அறிக்கை விடலாம் என்றும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பாலிஸ்டைரீன் நுரைப் பெட்டியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பதிலுக்கு வந்த மெல்லிய காகித உறைக்குள் பாலிஎத்திலீன் அடுக்கு இருந்ததால் அதையும் மறுசுழற்சி செய்ய முடியாது; ஆனால் குப்பையில் அடைக்கும் இடம் பல மடங்கு குறைந்தது. பொதிகட்டு சொன்ன பவுச் சிக்கலின் பழைய வடிவம்தான் அது.

உங்களைப் போன்ற சிறிய குழுவுக்குப் பணமே வேண்டாம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. செலவை மட்டும் வாங்குங்கள்: படகு, கையுறை, தராசு, உலர்த்தும் இடத்து வாடகை, வேலை செய்பவருக்குக் கூலி. இவை ஒவ்வொன்றும் தனி வரியாக எழுதப்பட வேண்டும். பொறுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை ஏற்கவே கூடாது. கிலோவுக்குக் கூலி என்றால் கனமானதுதான் பொறுக்கப்படும். சாஷே, தெர்மோகோல் துண்டு, வலைத்துணுக்கு எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஈர மணலோடு எடை ஏறுவது வேறு.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கும் வரிகள்:

- அடிப்படை ஆண்டின் மொத்த டன்னும் லிட்டருக்கான கிராமும் எண்ணாகவே உடன்படிக்கைக்குள் இருக்க வேண்டும். "பின்னர் கணக்கிடப்படும்" என்று எழுதினால் அது கணக்கிடப்படாது.
- இலக்கு ஆண்டுக்கு ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் ஒரே இலக்கு என்று வைத்தால் நான்காம் ஆண்டில் திருத்திவிடுவார்கள். 2025க்குள் புதுப் பிளாஸ்டிக்கைப் பாதியாக்குவோம் என்று 2019இல் அறிவித்த யூனிலீவர், 2024இல் அதை 2026க்குள் 30 விழுக்காடு என்று மாற்றியது. பெரிய நிறுவனத்துக்கே அப்படி.
- உங்கள் சின்னம் எங்கே, எந்த வாசகத்தோடு, எத்தனை காலம் அச்சாகலாம் என்பது ஒவ்வொரு முறையும் உங்கள் எழுத்து ஒப்புதலோடு. முதல் ஆண்டுக் கணக்கு வெளியாகும்வரை பாட்டிலில் சின்னம் கிடையாது.
- நீங்கள் சேகரிக்கும் தரவு உங்களுடையது. அவர்களுக்குப் பிடிக்காத எண்ணையும் வெளியிடலாம். "இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தகவல் மட்டும்" என்ற வரி ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். உங்கள் வாயைக் கட்டும் வரி அதுதான்.
- விலகும் உரிமை: 60 நாள் அறிவிப்பு, காரணத்தைப் பொதுவெளியில் சொல்லும் உரிமையோடு. விலகினால் அச்சான லேபிள்களை எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பதும் சேரட்டும்.

"பிளாஸ்டிக் சமன்" வாசகத்துக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 75 டன் புது எச்டிபிஇ வெளியே போகிறது, 75 டன் கலப்படக் குப்பை வேறெங்கோ பொறுக்கப்படுகிறது என்றால் இரண்டும் எப்படிச் சமம்? பொறுக்கியது எங்கே போனது, அந்தக் குப்பையை இந்தப் பணம் இல்லாமலும் யாராவது எடுத்திருப்பார்களா, அதே டன்னை இன்னொரு நிறுவனத்துக்கும் விற்றார்களா என்று மூன்று கேள்வி கேட்டால் பல திட்டங்கள் அங்கேயே நின்றுவிடும். "கடலை நோக்கிச் செல்லும் பிளாஸ்டிக்" என்ற வாசகமும் அப்படித்தான். வழக்கத்தில் அது குப்பை நிர்வாகம் இல்லாத பகுதியில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் கிடக்கும் பிளாஸ்டிக்கைக் குறிக்கும். கடல் தண்ணீரையே பார்த்திருக்காது. வாசகம் வேண்டுமென்றால் "இந்தப் பாட்டிலில் முன்பைவிட இத்தனை கிராம் குறைவு" என்று எண்ணை அச்சடிக்கட்டும்.

---

சேற்றுத்தடம்

கரை சுத்தத்தை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள், அதை அளவுகோலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

100 மீட்டர் நீளத்தில் நிலையான துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு முனைகளையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். நீர்விளிம்பிலிருந்து செடிகள் தொடங்கும் இடம்வரை அதன் அகலம். வடகிழக்கு அட்லாண்டிக் கடலுக்கான ஆஸ்பார் என்ற கரைக்குப்பை எண்ணும் முறையும் 100 மீட்டர், ஆண்டுக்கு நான்கு முறை என்பதுதான்; அதே இடைவெளி போதும். பொறுக்கும் கூட்டம் எத்தனை பேர் வந்தாலும் இந்தத் துண்டில் மட்டும் பழகிய அதே இருவர் எண்ண வேண்டும். 200 பேர் வந்த நாளில் 800 கிலோ, 40 பேர் வந்த நாளில் 150 கிலோ என்பது கரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும். 100 மீட்டருக்கு எத்தனை உருப்படி என்பதே ஒப்பிடத்தக்க எண்.

அலையாத்தி வேர்களுக்கிடையே 100 மீட்டர் நடக்க முடியாது, மூச்சுவேர்களை மிதித்து ஒடிப்பதும் தவறு. அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரங்கள் ஆறு போட்டு, வற்று நேரத்தில் ஓரத்திலிருந்து எண்ணுங்கள். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தின் நிகழ்ச்சி அட்டவணையில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எடை போடும் முன் உதறி, கம்பியில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பாட்டிலுக்குள் சேறு இருந்தால் மூடியைத் திறந்து கொட்டிய பிறகுதான் தராசு. எடையைவிட எண்ணிக்கையும் வகையும் முக்கியம்.

பிராண்டு வாரியாகப் பிரித்து எண்ணும் பழக்கத்தை பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக் இயக்கம் 2018 முதல் பல நாடுகளில் நடத்திவருகிறது. நீங்களும் செய்யலாம், ஆனால் பெயர் அழிந்தவற்றைத் "தெரியவில்லை" என்று தனியாக எண்ணியே தீர வேண்டும். அதை விட்டுவிட்டு விழுக்காடு போட்டால் பெயர் அழியாத கெட்டி லேபிள் உள்ளவர்கள்தான் குற்றவாளிபோல் தெரிவார்கள். பாட்டிலின் கழுத்தில் அல்லது அடியில் உள்ள தொகுதி எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். ஐந்து ஆண்டு பழைய பாட்டில் இப்போது கரைசேர்ந்தால் இந்த ஆண்டு மாற்றத்தின் பலனை அதை வைத்து எடைபோட முடியாது. அடர்திரவம் வந்த பிறகு தேதியிட்ட பாட்டில்களைத் தனியாகப் பிரித்தால்தான் போக்கு தெரியும்.

ஒன்று கேளுங்கள்: பாட்டிலை அவர்களே ஊதுகிறார்களா, வாங்குகிறார்களா? அவர்களே ஊதினால், மூலப்பொருளாக வரும் பிளாஸ்டிக் குருணை கசிவது இருக்கும். 2 முதல் 5 மி.மீ. குருணை, சாக்கு கிழியும் இடம், குழாய் கழற்றும் இடம், லாரி இறக்கும் இடம் மூன்றிலும் சிந்தும். மழைநீர் வடிகாலில் 1 மி.மீ. கண்ணுள்ள வலை, இறக்கும் வால்வுக்குக் கீழே தட்டு, கூட்டிப் பெருக்கத் தனி ஆள் இருந்தால் போதும். ஆபரேஷன் க்ளீன் ஸ்வீப் என்ற தொழில்துறைத் திட்டம் இதற்காகவே இருக்கிறது. வலையை யார், எப்போது சுத்தம் செய்கிறார் என்ற பதிவேட்டைக் கேளுங்கள். அடைத்துக்கொண்ட வலை நிரம்பி வழியும், வலை இல்லாததற்குச் சமம்.

---

உப்புக்கரை

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 விழுக்காடு என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது. 12 எரிக்கப்பட்டது, 79 குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. மூடியை மாற்றி, லேபிளை மாற்றி அந்த 9ஐ 11 ஆக்குவதற்கா சின்னத்தைக் கொடுப்பது? லிட்டருக்குக் கிராம் குறைந்தது என்பார்கள், விற்பனை கூடி மொத்த டன் ஏறியிருக்கும். மொத்த டன்னைக் கேளுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

பொதிகட்டு

@உப்புக்கரை மொத்த டன் முதல் வரி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் லிட்டருக்கான கிராமை விட்டுவிட்டால் விற்பனை சரிந்த ஆண்டில் ஒன்றும் செய்யாமலே "10 விழுக்காடு குறைத்தோம்" என்று வந்து நிற்பார்கள். இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக வெளியாக வேண்டும்.

பொறுக்கியது எங்கே போகிறது என்பதில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு: லண்டன் விலங்கியல் சங்கமும் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனமும் 2012இல் பிலிப்பைன்ஸின் டனாஜோன் திட்டுப் பகுதியில் தொடங்கிய நெட்-வொர்க்ஸ். மீனவக் கிராமங்களில் கழித்துப் போட்ட வலைகளை வாங்கினார்கள். அது ஓடியதற்குக் காரணம் பாசம் அல்ல: வலை நைலான் 6 என்ற ஒரே ரெசின், வாங்க அக்வாஃபில் என்ற ஆலை முன்பே இருந்தது, கடலில் விழும் முன்பே சேகரித்தார்கள். வெயிலில் நொறுங்கி, உப்பும் சிப்பியும் ஒட்டிய கலப்புக் குப்பையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சங்கிலியைக் கட்ட முடியாது. உங்கள் கரையில் கிடைப்பதில் பெரும்பகுதியை எந்த ஆலையும் வாங்காது என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

---

அலையாத்தி

எல்லோருக்கும் நன்றி. அட்டவணை கேட்டு எழுதினோம். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே இரண்டு யோசனைகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று, பாட்டிலில் "மக்க வைக்கும் சேர்மானம்" சேர்ப்பது. மற்றொன்று, கடைகளில் பெரிய கலன் வைத்து மறுநிரப்பல், அல்லது கெட்டியான பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புவது. எதற்குத் தலையாட்டுவது?

---

முறிச்சீட்டு

சேர்மானத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். பாலிஎத்திலீனில் உலோக உப்பு சேர்த்து வெயிலில் உடையவைக்கும் ஆக்ஸோ வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் 904ஆம் எண் நெறிமுறையில் தடைசெய்துவிட்டது. பாட்டில் துண்டாகும், துண்டு சேற்றில் கலக்கும். போதாக்குறைக்கு, அந்தப் பாட்டில் மறுசுழற்சிக்குள் போனால் புதிதாக வரும் பொருளின் ஆயுளையும் கெடுக்கும்.

---

பொதிகட்டு

மறுநிரப்பலில் இரண்டு வழிகளையும் பிரித்துப் பாருங்கள்.

திரும்ப வாங்கிக் கழுவுவதில் எல்லாமே திரும்பும் விகிதத்தைப் பொறுத்தது. 100இல் 90 திரும்பினால் ஒரு பாட்டில் சராசரியாக 10 முறை ஓடும். 95 திரும்பினால் 20 முறை. 50 திரும்பினால் 2 முறைதான். கழுவித் தாங்கும் கெட்டி பாட்டில் 75 கிராம் என்று வையுங்கள், இப்போதையதைப்போல் இரண்டு மடங்கு. 50 விழுக்காடு திரும்பினால் ஒரு நிரப்புக்கு 37.5 கிராம், இப்போது இருப்பதே. லாரியும் வெந்நீரும் அதிகச் செலவு. 90 திரும்பினால் 7.5 கிராம். மூடியைப் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் மாற்றுவார்கள், அந்த 4 கிராமைச் சேர்த்தால் 11.5, அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆக முன்பணம் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. முன்பணம் காலிப் பாட்டிலைத் தூக்கிப்போட மனம் வராத அளவுக்கு இருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும் இடம் வாங்கிய கடையாகவே இருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் முதல் மூன்று மாத விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பாட்டில்கள் இன்னும் வீட்டில் பாதி நிரம்பி இருக்கும், விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

கடையில் கலன் வைப்பதில் வேறு ஆபத்து: கிருமி. சோப்புத் திரவத்தில் எதுவும் வளராது என்று நினைப்பார்கள். தண்ணீர் கலந்த திரவத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நன்றாகவே வளரும், பாதுகாப்புப் பொருள் நீர்த்துப்போனால் இன்னும் எளிது. வீட்டிலிருந்து வரும் பாட்டிலில் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றாலே அந்தப் பாட்டில் கெடும். கலனின் ஊற்றுமுனை பாட்டில் வாய்க்குள் நுழைந்தால் கலனுக்கே தொற்றும். அதனால் முனை பாட்டிலைத் தொடாத உயரத்தில் நிற்க வேண்டும், ஈரப் பாட்டிலை ஏற்கக் கூடாது, காலிக் கலனைக் கடையிலேயே மேலே ஊற்றி நிரப்பக் கூடாது. மூடிய கலனை முழுதாக மாற்றி, பழையதை ஆலைக்கு அனுப்பிக் கழுவ வேண்டும். நிரப்பும் ஒவ்வொரு பாட்டிலிலும் தொகுதி எண் ஒட்டப்பட வேண்டும். யாருக்காவது கை அரித்தால் எந்தக் கலனிலிருந்து போனது என்று தெரியவேண்டும். கலன் வந்த பையை, அதன் குழாயை, பம்பை எல்லாம் பிளாஸ்டிக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் "பூச்சியம்" என்று எழுதிவிடுவார்கள்.

என் யோசனை: முதல் ஆண்டு அடர்திரவமும் பேலட் படலமும். சாஷேயை லிட்டருக்கு 200 கிராமோடு பட்டியலின் முதல் வரியில் நிறுத்தி, அதை எப்போது நிறுத்துவார்கள் என்று தேதி வாங்குவது. திரும்ப வாங்கும் பாட்டிலை ஒரே ஒரு பொருளில், பாத்திரத் திரவத்தில், பன்னிரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்பது.

---

அலையாத்தி

சாஷேக்குத் தேதி கேட்டால் கூட்டே முறியும் என்று நினைக்கிறேன். விற்பனையில் பாதி அதுதானாம்.

---

முறிச்சீட்டு

பாதி விற்பனை அது என்றால் உங்கள் சேற்றில் புதைவதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சேற்றுத்தடம் சொன்ன ஆறு சதுரங்களை ஒப்பந்தத்துக்கு முன்பே ஒருமுறை எண்ணிவிடுங்கள், அவர்கள் பணத்தில் அல்ல. சாஷே எத்தனை, பாட்டில் எத்தனை, மற்றவை எத்தனை, பெயர் தெரியாதவை எத்தனை. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேதி கேளுங்கள். முழுக்க நிறுத்த மறுத்தால் இடைவழி ஒன்று இருக்கிறது: 6 மி.லி.க்குக் கீழே புதிய அளவு எதுவும் அறிமுகம் செய்யக் கூடாது, சாஷேயின் மொத்த எண்ணிக்கை அடிப்படை ஆண்டைத் தாண்டக் கூடாது. அதற்கும் ஒப்பாவிட்டால் சின்னம் கொடுக்காமல் எண்ணும் வேலையை மட்டும் தொடருங்கள்.

---

சேற்றுத்தடம்

எண்ணும்போது சாஷேயின் கிழித்த மூலையை இன்னொரு சாஷேயாக எண்ணாதீர்கள். அதற்கென்று ஒரு பத்தி போடுங்கள். மூலையும் உடலும் பிரிந்து கிடக்கும், இரண்டையும் கூட்டினால் எண்ணிக்கை இரட்டிப்பாகி, அவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அந்தப் பிழையைத்தான்.